காவலா? சிறையா?

(மாணவ மாணவியர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம், சர்வகலாசாலைகளில் மாணவர்களின் பத்திரத்துக்குக் காவற்காரர்கள் செய்ய வேண்டிய வேலை என்ன என்பதாகும். இது வாட்ச்மேன்களைக் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டிய சங்கதியாயிற்றே, மாணவர்களிடம் இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று முதலில் எனக்கே தோன்றிற்று. நான் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவனல்ல. போலீஸ் இலாகாவில் இருந்தவனுமல்ல. என் அறிவுக்கு எட்டியதைத்தான் சொல்லப் போகிறேன். நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒன்றையும் ஒப்புக் கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இன்று சாயந்திரம் இந்த வாசலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு தோழர் தம்முடைய காரில் என்னை அழைத்து வந்தார். கேட்டில் நின்ற காவற்காரர் காரைக் கண்டதும் சலாம் போட்டுக் கேட்டை அகலத் திறந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்திருப்பவன் யார், எதற்காக வருகிறான், மடியில் என்ன வைத்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் கழுத்தில் அடையாளச் சீட்டுத் தொங்க நடந்து வந்தார்கள். இவ்விடத்திலேயே படிக்கிறவர்கள். அவர்களை நிறுத்தி, சீட்டை வாங்கிப் பார்த்து, நோட்டில் பேரெழுதச் சொல்லி, எங்கே போய்விட்டு வருகிறீர்கள் என்றும் கேட்டார்.

அந்தக் காவற்காரரை நான் குறை சொல்லவில்லை. யாருக்குச் சலாம் போட வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று அவருக்கு மேலே இருப்பவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர் அதைச் செய்கிறார். நான் கேட்பது என்னவென்றால், இந்தக் கேட்டு யாருக்காக இருக்கிறது? முன்பின் தெரியாதவனாகிய என்னைத் தடுப்பதற்கா? அல்லது இவ்விடத்துப் பிள்ளைகளைத் தடுப்பதற்கா?

நம்முடைய பாஷையில் "காவல்" என்கின்ற வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது. வயலுக்குக் காவல் போட்டிருக்கிறது என்றால் வயலைப் பத்திரப்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். ஒருவனைக் காவலில் வைத்திருக்கிறார்கள் என்றால் அவனைப் பிடித்து அடைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முந்தினதில் காவல் திருடனுக்கு விரோதமானது. பிந்தினதில் காவல் உள்ளே இருப்பவனுக்கு விரோதமானது. நம் கல்லூரிகளில் காவல் என்று பேசுகிறவர்கள் எந்தக் காவலைச் சொல்லுகிறார்கள் என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் முதல் அர்த்தத்தைச் சொல்லிப் பணம் ஒதுக்குகிறார்கள். இரண்டாவது அர்த்தத்தில் காரியம் நடத்துகிறார்கள். நான் வெறுமனே சொல்லவில்லை. நடந்த சங்கதிகளையே எடுத்துக் காட்டுகிறேன்.

காசியில் ஒரு பெரிய சர்வகலாசாலை இருக்கிறது. 1916-ல் ஏற்பட்டது, பேரே இந்து சர்வகலாசாலை. அங்கே 2017 செப்டம்பர் 21-ந் தேதி சாயந்திரம் சுமார் 6-30 மணிக்குள்ளாக ஒரு மாணவி தன் விடுதிக்குத் திரும்பிக் கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அவளை மானபங்கம் செய்தார்கள். அவள் கூச்சல் போட்டாள். கூப்பிடு தூரத்தில் சர்வகலாசாலைக் காவற்காரர்கள் இருந்தும் எவரும் வரவில்லை என்பது அவளுடைய பிராது. சரி, காவற்காரர் வரவில்லை. விடுதிக்கு வந்தாவது ஆறுதல் உண்டா? "ஏன் நேரங்கழித்து வந்தாய்?" என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட கேள்வி. தோழர்களே! சாயந்திரம் ஆறரை மணி நேரங்கழிந்ததா? அது அர்த்த ராத்திரியாகவே இருக்கட்டும். கையை நீட்டினவன் யார் என்று கேட்பது முறையா, நீ ஏன் அங்கே இருந்தாய் என்று கேட்பது முறையா?

மறுநாள் மாணவிகள் சர்வகலாசாலை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் என்ன ராஜ்யம் கேட்டார்களா? வழியில் விளக்குப் போடுங்கள், காவற்காரர்களுக்குப் பொறுப்பைச் சொல்லிக் கொடுங்கள், பிராது கொடுத்தால் விசாரியுங்கள் என்றுதான் கேட்டார்கள். 23-ந் தேதி ராத்திரி அவர்களுக்குக் கிடைத்தது போலீஸ் தடியடி. ஒரு பெண் கூவியபோது வராத காவல், பல பெண்கள் சேர்ந்து நியாயம் கேட்டபோது தடியோடு வந்துவிட்டது! ஆகவே காவலுக்கு ஆள் இல்லை, தடி இல்லை என்பது பொய். ஆளும் இருக்கிறது, தடியும் இருக்கிறது. யார் பக்கம் நிற்பது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

மனுதர்மத்தில் பெண்ணுக்குத் தகப்பன், புருஷன், மகன் என்று மூன்று காவல் ஏற்படுத்தினார்கள். சர்வகலாசாலைக்காரர்கள் நாலாவதாக ஒரு வாட்ச்மேனையும் சேர்த்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குச் சம்பளம் வேறு, மாணவிகள் கட்டுகிற பணத்திலிருந்தே!

வடக்கே உள்ளவர்கள் அப்படி, நாம் அப்படியல்ல என்று இங்கே யாரும் மார்தட்ட வேண்டாம். 2024 டிசம்பர் 23-ந் தேதி சென்னையில், அண்ணா பல்கலைக் கழகத்து மதிலுக்குள்ளேயே ஒரு மாணவி பலாத்காரத்துக்கு ஆளானாள். செய்தவன் மாணவனுமல்ல, உபாத்தியாயனுமல்ல. வெளியே பிரியாணிக் கடை வைத்திருந்தவன். 2025 ஜூன் 2-ந் தேதி மகளிர் கோர்ட்டில் அவனுக்கு 30 வருஷத்துக்குக் குறையாமல் ஆயுள் தண்டனை விதித்துவிட்டார்கள். அவனைப் பற்றி எனக்கு ஒன்றும் பேச்சில்லை. ஆனால் அவன் எப்படி மிரட்டினான் என்று பத்திரிகைகளில் வந்ததைப் படித்தீர்களா? அந்தப் பெண் தன் தோழனாகிய ஒரு மாணவனோடு இருந்ததைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு, இதை உங்கள் காலேஜ் அதிகாரிகளிடம் காட்டுவேன், வீட்டாருக்குக் காட்டுவேன், டி.சி. கொடுத்து அனுப்பி விடுவார்கள் என்பதாக மிரட்டினானாம்.

இந்த இடத்தைச் சற்று நிதானமாக யோசிக்க வேண்டுகிறேன். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். அவன் கத்தியைக் காட்டி மிரட்டியதாகச் சொல்லவில்லை. காலேஜைக் காட்டி மிரட்டினான்! தாய் தகப்பனைக் காட்டி மிரட்டினான். அதாவது, எந்த அதிகாரிகள் அந்தப் பெண்ணுக்குத் துணையாக இருக்க வேண்டுமோ, எந்த இடத்துக்கு ஆபத்து வேளையில் அவள் ஓடிப் போக வேண்டுமோ, அந்த இடத்தின் பேரைச் சொன்னால் அவள் நடுங்குவாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? நம்முடைய விடுதி விதிகள் சொல்லிக் கொடுத்தன. ஆணும் பெண்ணும் பேசிக் கொண்டிருந்தால் பேர் எழுதி வைக்கிற காவற்காரர் சொல்லிக் கொடுத்தார். "வீட்டுக்குத் தகவல் அனுப்பி விடுவேன்" என்று பேசுகிற வார்டன்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்கென்று நாம் செய்து வைத்த ஆயுதத்தைத்தான் அயோக்கியன் எடுத்துக் கொண்டான்.

அவள் துணிந்து பிராது கொடுத்தாள். அந்தத் தைரியத்துக்கு நாம் என்ன மரியாதை செய்தோம்? பிராதுப் பத்திரம் அவளுடைய விவரங்களோடு வெளியே பரவிற்று. ஐக்கோர்ட்டார் தலையிட்டு, 3 பெண் போலீஸ் அதிகாரிகளைக் கொண்டு விசாரணைக் குழு ஏற்படுத்த வேண்டியதாயிற்று. "எட்டு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்ட மகான்களும் நம் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள், அடுத்த அயோக்கியனுக்கும் மிரட்டலுக்கு வேண்டிய வார்த்தையைத் தயார் செய்து கொடுத்தார்கள் என்றே நான் சொல்லுவேன்.

சரி, வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் 1894-லேயே தனிப் போலீஸ் ஏற்படுத்திவிட்டார்கள். அங்கே அநேக சர்வகலாசாலைகளில் துப்பாக்கி வைத்துக் கொண்டிருக்கிற சொந்தப் போலீசே உண்டு. அதனால் அங்கே ஆபத்து இல்லையா? 1986 ஏப்ரல் 5-ந் தேதி பென்சில்வேனியாவில் லீஹை சர்வகலாசாலையில், ஜீன் கிளெரி என்கிற 19 வயது மாணவியை அவள் விடுதி அறையிலேயே ஒருவன் கெடுத்துக் கொலை செய்தான். அவன் வெளியூர்த் திருடன் அல்ல. அதே சர்வகலாசாலையில் படித்த மாணவன். தானாகப் பூட்டிக் கொள்ளும் கதவுகளை மாணவர்கள் போக வரச் சௌகரியமாக இருக்கட்டுமென்று முட்டுக் கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வழியாக வந்தான்.

இதைக் கேட்டவுடன் நம்மவர்கள், "பார்த்தீர்களா, அதற்குத்தான் பூட்ட வேண்டும் என்கிறோம்" என்பார்கள். பூட்டு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. படுத்துத் தூங்குகிற அறைக்குப் பூட்டு வேண்டியதுதான். அதன் சாவி தூங்குகிறவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அந்தப் பெண்ணின் தாய் தகப்பனார் பூட்டோடு நிற்கவில்லை. விசாரித்துப் பார்த்தார்கள். அதற்கு முந்திய 3 வருஷத்தில் அந்தச் சர்வகலாசாலையில் 38 கடுங்குற்றங்கள் நடந்திருந்தன. வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை என்று கண்டார்கள். தெரிந்திருந்தால் எங்கள் பெண்ணை அங்கே சேர்த்திருக்க மாட்டோமே, அவளும் கதவைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்க மாட்டாளே என்று கேட்டார்கள். கோயிலுக்குப் போய்ச் சாந்தி செய்யவில்லை. தலைவிதி என்று உட்காரவில்லை. வழக்குப் போட்டார்கள், ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள், 1988-ல் தங்கள் மாகாணத்திலும் 1990-ல் தேசம் முழுமைக்குமாகவும் ஒரு சட்டம் வரச் செய்தார்கள். அந்தச் சட்டத்துக்கு இன்று அந்தப் பெண்ணின் பேரே வழங்குகிறது.

அந்தச் சட்டம் என்ன சொல்லுகிறது? சர்க்கார் பண உதவியைத் தொடுகிற ஒவ்வொரு சர்வகலாசாலையும் வருஷா வருஷம் அக்டோபர் 1-ந் தேதிக்குள், கடந்த 3 வருஷத்தில் தன் எல்லைக்குள் நடந்த குற்றங்களின் கணக்கை அச்சிட்டு வெளியிட வேண்டும். அவ்விடத்துப் போலீசார் அல்லது காவல் இலாகாவினர் தினசரிக் குற்றக் குறிப்பு ஒன்று வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் காட்ட வேண்டும். ஆபத்து நீடிக்கும்படியான குற்றம் நடந்தால் மாணவர்களுக்கு உடனே எச்சரிக்கை கொடுக்க வேண்டும். தடியையோ மதிலையோ பற்றி அது பிரமாதப்படுத்தவில்லை. உண்மையைச் சொல் என்பதுதான் அதன் சாரம்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாய்ப் போயிற்று என்று நினைத்துவிடாதீர்கள். 2007 ஏப்ரல் 16-ந் தேதி வர்ஜீனியா டெக் என்கிற இடத்தில் காலை 7-15 மணி சுமாருக்கு விடுதி ஒன்றில் இருவர் சுடப்பட்டார்கள். மாணவர்களுக்குத் தகவல் போனது 9-26-க்கு. அதற்குள் மாணவர்கள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சற்று நேரத்தில் அதே கொலைகாரன் வேறொரு கட்டடத்துக்குள் நுழைந்து 30 பேரைச் சுட்டுக் கொன்றான். இரண்டு மணி நேரம்! போலீசார் சும்மா இருக்கவில்லை, விசாரித்துக் கொண்டுதான் இருந்தார்கள். மாணவர்களுக்குச் சொல்வதுதான் நேரமாயிற்று. அதற்குப் பிறகு 2008-ல், ஆபத்து நேர்ந்தால் தாமதமின்றி அறிவிக்க வேண்டுமென்று சட்டத்தை இறுக்கினார்கள்.

அதே மாகாணத்தில் இன்னொரு சர்வகலாசாலையைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் அவசியம் தெரிந்து கொள்ள வேண்டும். ஒரு கிறிஸ்தவப் பிரசங்கியார் 1971-ல் ஏற்படுத்தியது. பேர் லிபர்ட்டி, அதாவது சுதந்திரம்! பேர் சுதந்திரம், உள்ளே மாணவர்கள் குடிக்கக் கூடாது, ஆணும் பெண்ணும் விவாகத்துக்கு முன் சேரக் கூடாது என்று ஒழுக்க விதிகள் ஏராளம். கடவுள் பக்தி நிறைந்த இடம், ஆகையால் குற்றமே இல்லாத இடம் என்று பேரும் வாங்கியிருந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்க சர்க்கார் அதற்கு 1 கோடியே 40 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் அதுவரை யாருக்கும் அவ்வளவு அபராதம் போட்டதில்லை. எதற்காக? குற்றக் கணக்கை ஒழுங்காகக் காட்டவில்லை. பலாத்காரத்துக்கு ஆளானவர்கள் வாய் திறந்தால் "நீ குடித்திருந்தாயா, அவனோடு ஏன் போனாய்" என்று ஒழுக்க விதியின் கீழ் தங்களையே தண்டிப்பார்கள் என்று பயந்து மௌனமாக இருக்கும்படி செய்துவிட்டார்கள் என்பதற்காக. கடவுள் அங்கே குற்றத்தைத் தடுக்கவில்லை. கடவுள் பேரால் செய்த விதி குற்றத்தை மறைத்தது.

காசியில் "ஏன் நேரங்கழித்து வந்தாய்" என்றதும், சென்னையில் "அதிகாரிகளிடம் காட்டிவிடுவேன்" என்றதும், வர்ஜீனியாவில் "ஒழுக்க விதியை மீறினாயா" என்றதும் ஒரே சங்கதிதான். மதம் வேறு, பாஷை வேறு, தேசம் வேறு. எங்கெங்கே ஒழுக்கத்துக்குக் காவல் போடுகிறார்களோ, அங்கங்கே உயிருக்கும் மானத்துக்கும் காவல் இல்லாமல் போகிறது.

நம் தேசத்தில் விதி இல்லையா என்றால், இருக்கிறது! சர்வகலாசாலை மானியக் கமிஷன், அதாவது யு.ஜி.சி., 2016-ல் பாலியல் தொந்தரவைத் தடுப்பதற்காக வெளியிட்ட விதிகளில், பெண்களின் பத்திரத்தைக் காரணமாகக் காட்டி ஆண்களுக்கு இல்லாத கட்டுப்பாட்டைப் பெண்கள் விடுதியில் விதிக்கக் கூடாது என்றும், பாதுகாப்பு என்கிற பேரால் அளவு கடந்து கண்காணிப்பதும் நடமாட்டத்தைக் குறைப்பதும் கூடாதென்றும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். 2015-ல் டில்லியில் மாணவிகள் "கூண்டை உடை" என்கிற அர்த்தத்தில் பிஞ்ச்ரா தோட் என்று பேர் வைத்து, விடுதிக் கதவுகளை எதிர்த்துக் கிளம்பினார்கள். 2022-ல் கோழிக்கோடு அரசாங்க மருத்துவக் கல்லூரி மாணவிகள், எங்களை மட்டும் ராத்திரி 9-30-க்குப் பூட்டுவது எதற்கு என்று கேரள ஐக்கோர்ட்டுக்குப் போனார்கள். தொந்தரவு செய்கிறவர்கள் ஆண்கள் என்றால் அடைத்து வைக்க வேண்டியது அவர்களையல்லவா என்கிற கருத்துப்பட நீதிபதியே கேட்டார். அந்த டிசம்பரிலேயே ஆண் விடுதிக்கும் பெண் விடுதிக்கும் ஒரே விதி என்று சர்க்கார் உத்தரவு வந்தது. பாருங்கள், அந்தப் பெண்கள் டாக்டருக்குப் படிக்கிறவர்கள். ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரி வார்டில் நோயாளியின் நாடியைப் பிடிக்கலாம். 10 மணிக்குப் புஸ்தகசாலையிலிருந்து நடந்து விடுதிக்கு வரக் கூடாதாம்! இதைவிடப் பைத்தியக்காரத்தனம் இருக்க முடியுமா?

ஆண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மதிலுக்கு வெளியேதான் ஆபத்து என்பது எவ்வளவு தப்பு என்பதற்கு 1996-ல் அண்ணாமலைச் சர்வகலாசாலை மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷ மாணவன் பொன் நாவரசு கொல்லப்பட்டது போதும். கொன்றவன் மேல் வகுப்பு மாணவன், சங்கதி ராகிங். அந்தப் பிள்ளையின் தகப்பனார் அப்போது சென்னைச் சர்வகலாசாலைக்கே துணைவேந்தர். அதன் பிறகுதான் 1997-ல் நம் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. துணைவேந்தர் பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், கேட்பாரற்ற ஏழைப் பிள்ளைக்கும், சாதியைச் சொல்லி ஒதுக்கப்படுகிற பிள்ளைக்கும் விடுதி அறைக்குள் நடப்பதை எந்தக் கேட்டுக் காவற்காரர் பார்க்கப் போகிறார்? அவர் முகம் ரோட்டைப் பார்த்துக் கொண்டிருக்கிறது.

நிற்க. இவ்வளவு நேரம் காவற்காரரைப் பற்றியே பேசுகிறேன்; அவர் யார் என்று பார்க்க வேண்டாமா? பெரும்பாலும் அவர் கல்லூரிச் சிப்பந்தி அல்ல. கண்டிராக்டு கம்பெனியின் ஆள். 12 மணி நேரம் நிற்க வேண்டும். கம்பெனிக்காரன் பிடித்தது போக மீதிதான் சம்பளம். மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கொட்டகை இருந்தால் அதுவே பாக்கியம். கேட்டுக்கு வந்த பெரிய மனுஷன் காரை மறித்தால் மறுநாள் வேலை போய்விடும். மாணவியை மறித்தால் ஒன்றும் போகாது. பிறகு அவர் யாரை மறிப்பார்? 2005-ல் தனியார் காவல் கம்பெனிகளுக்கென்று சட்டம் செய்து, அதன் மாதிரி விதிகளில் 100 மணி நேரம் பாடமும் 60 மணி நேரம் நேரில் பழக்கமும் கொடுக்க வேண்டுமென்று எழுதியிருக்கிறார்கள். கேட்டில் நிற்கிற ஒருவரை, "அய்யா, உமக்கு எத்தனை மணி நேரம் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று விசாரித்துப் பாருங்கள். நான் இரண்டு மூன்று இடத்தில் விசாரித்தேன். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "சட்டை கொடுத்தார்கள், விசில் கொடுத்தார்கள்" என்றார். தனக்கே நாளைக்கு வேலை நிச்சயமில்லாதவரை நிறுத்தி வைத்து, 10,000 பிள்ளைகளின் உயிருக்கு இவர் ஜவாப்தாரி என்று சொல்வது அந்தப் பிள்ளைகளையும் ஏமாற்றுவது, அவரையும் ஏமாற்றுவதாகும்.

அவருக்குக் கொடுக்க வேண்டிய வேலை அப்படியொன்றும் கஷ்டமானதல்ல. விளக்கு எரியாத வழி எது என்று தினம் பார்த்து எழுதி, மறுநாள் எரிந்ததா என்றும் பார்க்க வேண்டும். ராத்திரியில் புஸ்தகசாலையிலிருந்தோ ஆராய்ச்சிச் சாலையிலிருந்தோ வருகிறவர் துணை கேட்டால் கூட நடக்க வேண்டும். ஏன் இந்நேரம் என்று கேட்கக் கூடாது. பெண்கள் விடுதிப் பக்கம் பெண் காவலர்கள் இருக்க வேண்டும். யாராவது ஓடி வந்து ஆபத்து என்றால், முதலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, யாரைக் கூப்பிடட்டும் என்று அவரிடமே கேட்டுக் கூப்பிட வேண்டும். உபாத்தியாயரின் பேரில் பிராது என்றாலும், நிர்வாகியின் மகன் பேரில் பிராது என்றாலும் நோட்டில் எழுத வேண்டும். எழுதியதற்காக அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. காதல் ஜோடியைத் துரத்துவதும், யார் யாரோடு டீ குடித்தார்கள் என்று குறிப்பெடுப்பதும் அவர் வேலையே அல்ல. அந்த வேலையை அவர் தலையிலிருந்து இறக்கிவிட்டாலே பாதி நேரம் அவருக்கு மிச்சமாகும்.

மாணவர்களாகிய நீங்களும் அவரிடம் மரியாதையாக நடந்து கொள்ள வேண்டும். "ஏய் வாட்ச்மேன்" என்று பிள்ளைகள் கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன். தகப்பன் வயதுடையவரை அப்படிக் கூப்பிட்டுவிட்டு, ஆபத்தில் ஓடி வரவில்லையே என்றால் என்ன நியாயம்?

யு.ஜி.சி. விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. வருஷத்துக்கு எத்தனை பிராது வந்தது, என்ன தீர்ந்தது என்று கமிஷனுக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில், தங்கள் கல்லூரிக் கமிட்டியில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் கை தூக்குங்கள், பார்ப்போம். (சிலர் கை தூக்கினர்.) நாலைந்து பேர். போன வருஷம் எத்தனை பிராது வந்தது என்று தெரிந்தவர்கள்? (எவரும் தூக்கவில்லை.) கேட்டில் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டிருந்தால் பெண்கள் அத்தனை பேரும் கை தூக்கியிருப்பீர்கள்!

தலைவரிடம் ஒரு சீட்டு வந்திருக்கிறது. மகளைப் படிக்க வைத்திருக்கும் ஒரு தகப்பனார் எழுதியிருக்கிறார்: "நீங்கள் பேசிவிட்டுப் போய்விடுவீர்கள். நாளைக்கு என் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் நீங்கள் வந்து ஜவாப் சொல்லுவீர்களா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அவரை நான் பரிகாசம் செய்ய மாட்டேன். பெற்றவர் பயப்படத்தான் செய்வார். நான் ஜவாப் சொல்ல முடியாது என்பதையும் ஒப்புக் கொள்ளுகிறேன். ஆனால் அய்யா, கேட்டைப் பூட்டுகிறவர்களும் ஜவாப் சொல்ல மாட்டார்கள். இதுவரையில் எந்தக் கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள்? உங்கள் பெண்ணை ஏன் வெளியே விட்டீர்கள் என்று உங்களையே கேட்பார்கள்.

ஆகையால் நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் அவள் முதலில் யாரிடம் சொல்லுவாள்? உங்களிடம் சொல்லுவாளா? சொன்னால் படிப்பை நிறுத்தி ஊருக்கு அழைத்துக் கொண்டு போய்விடுவீர்கள் என்று பயந்து மறைத்து வைப்பாளா? இது உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாது என்று நினைக்கிறேன். இன்று ராத்திரி அவளுக்கு டெலிபோன் செய்து, "எது நேர்ந்தாலும், யாரோடு இருந்தபோது நேர்ந்தாலும், எனக்குச் சொல்லு, உன் படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று சொல்லுங்கள். அந்த வார்த்தை அவள் காதில் இருந்தால், அப்பனிடம் காட்டுவேன் என்கிறவனைப் பார்த்து, "காட்டிக் கொள்" என்று அவள் சொல்லலாம்.

இன்னும் மூன்று சீட்டு இருக்கிறது. ஆனால் மாணவிகள் சிலர் எழுந்து நிற்கிறார்கள். விடுதிக் கேட்டு 8 மணிக்குச் சாத்திவிடுவார்களாம்; இப்போது 8-க்கு 10 நிமிஷம் இருக்கிறதாம். ஆண் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவர்கள் இருந்து மேலும் கேட்கலாம் என்று தலைவர் சொல்லுகிறார். அந்தப்படி பேச எனக்கு இஷ்டமில்லை. எல்லோருக்குமாகவே கூட்டத்தை இப்போது முடித்துவிடும்படி தலைவரைக் கேட்டுக் கொண்டு, பாக்கிச் சீட்டுகளை என் பையில் போட்டுக் கொள்ளுகிறேன்.